மூன்று லிட்டரா, ஐந்து லிட்டரா, மாப்பிள்ளையா

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நாள் முழுவதும் ஒரே வேலை. இருட்டறையில் ஒருவரை உட்கார்த்தி, ஒரு வில்லையை மாட்டி, அதைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். தயங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இருப்பதே இரண்டு, அதில் ஒன்றைச் சொல்லித் தொலைக்க என்ன கேடு என்று நினைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர், பழைய கார் விற்கும் தரகரின் முற்றத்தில் இரண்டு வெள்ளை வண்டிகளுக்கு நடுவே ஒரு மணி நேரமாக நட்டுவைத்த கம்பம் போல நின்றுகொண்டிருந்தார்.

இரண்டும் ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்.யூ.வி. ஒரே வயது, ஒரே நிறம், பின்சீட்டு உறையில்கூட ஒரே மாதிரி கறை. வித்தியாசமெல்லாம் முன்மூடிக்குக் கீழேதான். ஒன்றில் மூன்று லிட்டர் எஞ்சின், மற்றதில் ஐந்து லிட்டர்.

வண்டி வாங்க நேர்ந்ததே அவருடைய அம்மாவால்தான். வீடு மேட்டின் உச்சியில். கடைசி வளைவுக்கு மேல் சாலை, சாய்த்துவைத்த சுவர் மாதிரி நிற்கும். பழைய சின்னக் கார், ஆள் நிறைந்திருந்தால், அந்த ஏற்றத்தின் பாதியில் மூச்சுவாங்கி நின்றுவிடும். நின்றால் யாராவது இறங்கியாக வேண்டும். ஓட்டுகிற மருமகள் இறங்க முடியாது. மகனுக்கு முழங்கால் வலி. ஏற்றத்தைப் பார்த்தால் மட்டும் வருகிற அபூர்வமான வலி. குழந்தைகள் இறங்கினால் காருக்கு அது தெரியவே போவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் இறங்கியது அம்மா. போன வாரம் கொட்டுகிற மழையில் முட்டைக்கோஸ் பையோடு நடந்தே மேலே வந்து சேர்ந்தவர், ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்று அறிவித்தார்.

"இன்னொரு தடவை என்னை நடுரோட்டுல இறக்கிவிட்டீங்கன்னா, நான் மேல ஏறி வரமாட்டேன். அப்படியே கீழ இறங்கி மக வீட்டுக்குப் போயிடுவேன். போனா போனதுதான்."

மருமகள் அரண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. ஷிப்ட் எப்போது வரும் என்று தெரியாது. இரண்டு பெண் குழந்தைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மகள் வீட்டிலோ இதைவிடப் பெரிய கலக்கம். சேதி கேட்ட அன்று அந்த வீட்டு மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை ஒரு ஆடிட்டர். சொந்தமாக வண்டி ஏதும் இல்லாததால் எல்லா வண்டிகளைப் பற்றியும் பாரபட்சமற்ற கருத்து உடையவர். மாமியாரை மகன் வீட்டிலேயே நிலைநிறுத்தும் உயர்ந்த நோக்கத்தோடு, மனைவியையும் அழைத்துக்கொண்டு தரகரின் முற்றத்துக்கு வந்திருந்தார். கடைக்காரரோடு அம்மா, மருமகள், குழந்தைகள் எல்லோருமே அங்கே இருந்தார்கள்.

"மச்சான், இதுல யோசிக்க என்ன இருக்கு? அஞ்சு லிட்டர். எட்டு சிலிண்டர். டார்க் இருக்கு பாருங்க, டார்க், அதுதான் எல்லாமே."

"டார்க்னா என்ன மாப்பிள்ளை?"

"அது வந்து... வண்டியை மேல இழுக்கிற ஒரு மனோதிடம்னு வச்சுக்கங்களேன்."

"கரெக்ட் சார்," என்றார் தரகர்.

"இல்லண்ணா, அந்த அஞ்சு லிட்டர் பெட்ரோல் பங்க்லயே குடியிருக்கும்," என்றாள் மருமகள் ஆடிட்டரிடம். "தினமும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டப்போறது நான். நம்ம மேடு ஏறுதுன்னா மூணே போதும்."

"கரெக்ட் மேடம்," என்றார் தரகர்.

"ஏறாதும்மா. நான் சும்மா சொல்லலே. விஞ்ஞானம் சொல்லுது. மொத்த எடை தெரியாம எஞ்சின் எடுக்கறது, கண்ணைச் சோதிக்காம கண்ணாடி மாட்டுற மாதிரி."

இந்த உவமையில் கடைக்காரர் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். ஆடிட்டர் பேனாவைத் திறந்தார்.

"அத்தை, உங்க எடை எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு."

"எப்பப் பார்த்தீங்க?"

"இவன் பொறக்கறதுக்கு முன்னால."

அடுத்து மனைவியைக் கேட்டார். அவள் வானத்தைப் பார்த்து, "அம்பத்தஞ்சு" என்றாள். ஆடிட்டர், கள்ளக்கணக்கு எழுதி மாட்டிக்கொண்டவர்களைப் பார்க்கும் பார்வையை அவள் மேல் வீசினார். அவளும் ஒரு பார்வை பார்த்தாள். இவர் பேனாவை மூடினார்.

பக்கத்தில் இருந்த பழைய இரும்புக் கிடங்கில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்று இருந்தது. மூன்று லிட்டர் வண்டியில் எல்லோரையும் அடைத்து அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினார் ஆடிட்டர். மேலே பலகையில் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன.

"நல்லது. இது ஆட்களோட சேர்த்து வண்டி எடை. இப்போ எல்லாரும் இறங்குங்க, வெறும் வண்டியை எடை போட்டுடலாம்."

மாமியார் கதவுப்பிடியில் கை வைத்தார்.

"இறங்கணுமா?" என்றார் மாமியார். "வாங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சா?"

"ஐயையோ, நீங்க இல்ல அத்தை! நீங்க அசையவே வேண்டாம்!" ஆடிட்டருக்கு வியர்த்தது. "நான் ஒருத்தன் இறங்குறேன். ஒருத்தர் எடை தெரிஞ்சா மத்தவங்களுக்கு விகிதாசாரம் போட்டுக்கலாம்."

இறங்கினார். பலகையைப் பார்த்தார். எண் மாறவில்லை. ஏறினார், இறங்கினார். மாறவில்லை. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு மேடையிலிருந்தே ஒரு எட்டுத் தள்ளிக் குதித்தார். பலகை அவரைப் பொருட்படுத்தவில்லை.

ஜன்னலிலிருந்து மேடைக்காரர் குரல் கொடுத்தார். "சார், இது லாரி நிறுக்கறது. சில்லறையெல்லாம் காட்டாது."

முதலில் சிரித்தது ஆடிட்டரின் மனைவிதான்.

"கணக்கெல்லாம் போதும்ணா," என்றாள் மருமகள். "மேட்டுல ஏத்திப் பார்த்துடலாம்."

"பார்க்கலாம். ஆனா நான்தான் ஓட்டுவேன்."

லைசென்ஸ் எடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடாதவர் அவர். இருந்தாலும் மனதில் தெளிவான திட்டம் இருந்தது. சின்ன எஞ்சின் எல்லோர் கண்முன்னாலும் தோற்க வேண்டும். பேச்சு அத்தோடு முடிய வேண்டும். பக்கத்தில் மச்சான், நடுவரிசையில் பெண்கள் மூவர், கடைசியில் குழந்தைகள். தரகர் கையசைத்து வழியனுப்பினார்.

ஏற்றம் தொடங்கியது. ஆடிட்டரின் கை கியர்த் தண்டை மூன்றில் வைத்தபடி அசையாமல் இருப்பதை மருமகள் கவனித்தாள்.

"அண்ணா, கியரைக் குறைங்க."

"எஞ்சினோட நிஜமான குணம் மூணாவது கியர்லதான்மா தெரியும்."

வண்டி முனகியது. இருமியது. தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, சின்னக் கார் வழக்கமாக நிற்கிற அதே விளக்குக் கம்பத்தருகே நின்றுபோனது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா! நான் என்ன சொன்னேன்?" ஆடிட்டர் வெற்றிக்களிப்போடு திரும்பினார். அந்தக் களிப்பில் பங்குகொள்ள வண்டியில் ஆள் இல்லை. கடைக்காரர் மட்டும், பழகிப்போன வாய், தன்னையறியாமல் பின்னால் திரும்பி, "அம்மா, கொஞ்சம்..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமியார் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முந்தானையைச் சரிசெய்தார்.

"சரி. மாப்பிள்ளை, உங்க வீட்டுல எனக்கு எந்த ரூம்?"

ஆடிட்டர் விசுக்கென்று முன்னால் திரும்பிக்கொண்டார். பின்னாலிருந்து மனைவி அவர் கழுத்தருகே குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "என்னங்க, ஊர்க்கணக்கெல்லாம் பார்க்கறீங்க, இதை யோசிக்க மாட்டீங்களா? மூணாவது கியராம் கியர்!"

"அத்தை, கதவைத் தொடாதீங்க!" ஆடிட்டர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் தாவி இறங்கினார். "நான் இறங்குறேன். இறங்கிட்டேன். டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?" என்றார் கடைக்காரர்.

"பொதுவா, எல்லா டாக்டரும்."

மருமகள் பேச்சை வளர்க்கவில்லை. இறங்கிப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள், முதல் கியரைப் போட்டாள், பிரேக்கை விடுவித்தாள். ஒரு நொடி வண்டி யோசித்தது. அப்புறம், வேண்டாத விருந்தாளி கிளம்பிப்போன வீடு மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மளமளவென்று ஏறியது. கண்ணாடியில் ஆடிட்டர் சிறுத்துக்கொண்டே போனார். கடைசிக் குழந்தை அவருக்கு டாட்டா காட்டினாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. மாமியார் தன் விருப்பப்படி, தன் வாசலில், நிதானமாக இறங்கினார். வண்டியின் மூக்கை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"இந்த எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. மாப்பிள்ளைதான் அதிகப்படி."

"அந்த மேடையில அவர் எடையே காட்டலையேம்மா?" என்றார் மகன்.

"அங்க ஏறி இறங்கறப்போ அவர் வாயைத் திறக்கலையேடா. இங்க பேசிக்கிட்டேல்ல வந்தார். பாவம், வண்டி எத்தனைதான் இழுக்கும்?"

ஆடிட்டரின் மனைவி இதை மறுக்கவில்லை. "வீட்டுல எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றாள்.

கியரைப் பற்றிச் சொல்ல மருமகள் வாயெடுத்தாள். சொன்னால் கணவர் மறுபடியும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே போய் நிற்பார். ஆடிட்டர் கியர் என்ற தலைப்பில் இன்னொரு சொற்பொழிவைத் தொடங்குவார். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் மகள் வீட்டுக்குக் கிளம்பும் அறிகுறி எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து வளைவில் ஆடிட்டரின் தலை தெரிந்தது, பிறகு மெல்ல மெல்ல மற்ற பாகங்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாமியார் நீட்டிய சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, வாயைத் துடைத்து, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் மச்சான். நமக்கு மூணு லிட்டரே தாராளம்."

முடிவைத் தரகரிடம் சொல்ல எல்லோரும் மறுபடி வண்டியில் ஏறினார்கள். ஆடிட்டர் மட்டும் திறந்த கதவருகே, அழைப்பு வருமா என்று பார்த்தபடி நின்றார்.

"பாட்டி, மாமா ஏறலாமா?" என்றாள் சின்னவள்.

மாமியார் சாலையை எட்டிப்பார்த்தார். அங்கிருந்து அடிவாரம் வரை ஒரே சரிவு.

"இறக்கம்தானே, தாங்கும். ஏறிக்கச் சொல்லு."