முதலில் தட்டு, பிறகு சீட்டு

தம்பி பதினொரு வருஷமாக எழுதிவரும் இயங்குதளத்துக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பயனாளர்தான்: அவனுடைய அக்கா. அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினை ஓட்டுவது ஒரு பழைய புரோகிராம். புதுக் கணினிகளில் அது தம்பியின் இயங்குதளம் இருந்தால் மட்டுமே ஓடும்.

ஆனால் லென்ஸ் தேயும் ஏழு நிமிஷமும் கணினி வேறெதையும் செய்யாது. வாடிக்கையாளருக்கு அளவுச் சீட்டு அடிக்கக்கூட முடியாது. கணினியின் மூளைக்குள் தனித்தனியாக வேலை செய்யக்கூடிய நான்கு கோர்கள் இருந்தும், தம்பியின் இயங்குதளத்துக்கு ஒன்றைத்தான் வேலை வாங்கத் தெரியும்.

"நாலு பேரை வேலைக்கு வெச்சு மூணு பேரைத் தூங்க விட்டிருக்கே," என்றாள் அக்கா. "திங்கக்கிழமை சேல்ஸ்காரர் வரார். புது மெஷின், புது கம்ப்யூட்டர், எல்லாம் சேர்த்துத் தராராம். உன்னோடது அதுக்குள்ள முடியலன்னா வாங்கிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே."

ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கடைக்குள் தம்பி புதிதாக எழுதியதைச் சோதித்தான். ஒரு கோர் லென்ஸ் தேய்த்தது, இன்னொன்று சீட்டு அடித்தது. நாலு தடவை அருமையாக ஓடியது. ஐந்தாவது தடவை இரண்டும் பாதியில் நின்றன.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"ஃபைலெல்லாம் இருக்கற வட்டுக்கு ஒரு பூட்டு, நினைவகத்துக்கு ஒரு பூட்டு போட்டேன்கா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கை வைக்கக் கூடாதுன்னு. சீட்டு அடிக்கறது வட்டைப் பிடிச்சுக்கிட்டு நினைவகத்துக்கு நிக்குது. உன் பழைய புரோகிராம் நினைவகத்தைப் பிடிச்சுக்கிட்டு வட்டுக்கு நிக்குது."

அக்கா சிரித்துவிட்டாள். "இது நம்ம கடைல நடந்ததுதானேடா! ஃப்ரேம்ல லென்ஸ் மாட்டற ஃபிட்டர் ஆர்டர் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு லென்ஸ் தட்டுக்கு நின்னார். கவுன்டர் அம்மா தட்டைப் பிடிச்சுக்கிட்டு சீட்டுக்கு நின்னாங்க. ரெண்டும் மரியாதை ஜென்மம், வாயத் திறக்கல. சாப்பாட்டு நேரம் வரைக்கும் நின்னாங்க."

"அப்புறம்?"

"அன்னைலேர்ந்து சட்டம். முதல்ல தட்டு, பிறகு சீட்டு. தட்டு கையில இல்லாம யாரும் சீட்டைத் தொடக் கூடாது."

"பழைய புரோகிராம் எங்கே சட்டம் கேக்கும்? அது பழகின வரிசையிலதான் கேக்கும்."

"ஃபிட்டர் மட்டும் கேட்டாரா? அவர் சீட்டைக் கேட்டா, நான் முதல்ல தட்டை எடுத்து அவர் முன்னாடி வெச்சிட்டுத்தான் சீட்டைக் குடுப்பேன். சட்டம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

தம்பி விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். பழைய புரோகிராம் நினைவகத்தைக் கேட்டாலும், இயங்குதளம் அதற்காக முதலில் வட்டைப் பூட்டும், பிறகுதான் நினைவகம். புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது. சாயங்காலத்துக்குள் ஐம்பது தடவை ஓட்டினான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை சேல்ஸ்காரர் பளபளக்கும் விளம்பரப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். உள்ளே லென்ஸ் தேயும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் கவுன்டரில் சீட்டு வெளியே வந்தது.

அக்கா அதை எடுத்துக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தாள். "இப்போதைக்கு வேண்டாம் சார்," என்றாள் அவரிடம். தம்பியின் பக்கம் திரும்பினாள். "எழுத்து பொடிப்பொடியா இருக்குடா. கண்ணாடிக் கடைல குடுக்கற சீட்டையே படிக்க முடியலன்னா மானம் போகாதா?"

தம்பி நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டான். இருநூற்றுப் பன்னிரண்டாவது புகார். அத்தனையும் அக்காவுடையவை.