நைல் போகும் திசை

கிருபைராஜுக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கிழக்கு தெரிந்தாக வேண்டும். சீவலப்பேரி ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். ஆறு போகிற பக்கம் கிழக்கு; மற்ற திசைகளெல்லாம் அதற்குப் பிறகுதான். சாப்பாட்டு மேசையில்கூட, "உப்பைக் கொஞ்சம் வடக்க தள்ளி வை" என்றுதான் சொல்வார்.

பாளையங்கோட்டைச் சபையாரோடு எருசலேமுக்குக் கிளம்பிய பயணத்தில் கெய்ரோவும் இருந்தது. அங்கே ஒரு மாலை நைல் நதியில் படகுச் சவாரி. மகள் ஸ்டெபி அப்பாவின் பக்கத்திலேயே இடம் பிடித்தாள். போலந்தில் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஊர் திரும்புவதற்குள் கல்லூரிக்குப் பதில் எழுதியாக வேண்டும். கேட்கும்போதெல்லாம் அப்பா "பாப்பம்" என்றார். அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

படகு பாட்டும் கூத்துமாகப் புறப்பட்டது. இரண்டு பக்கமும் உயர உயரமான கட்டடங்கள். நடுவே, அத்தனை பெரிய நகரத்தைச் சட்டை செய்யாமல் கிடந்தது தண்ணீர்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நம்ம ஆத்துலன்னா எறங்கிக் குளிக்கலாம்."

எதிரே இருந்த நேசையா, அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர், விடவில்லை. "துண்டு கொண்டாந்தீரா வே?"

அம்மா ஹெப்சிபா கரையோர நாணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பச்சப்புள்ள மோசேயைக் கூடையில வச்சு இங்கனதான விட்டிருப்பாவ?"

"அங்கன இப்பம் ஓட்டல்லா கெட்டியிருக்கான்," என்றார் நேசையா.

கிருபைராஜ் சிரிக்கவில்லை. வலப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"ஏட்டி, சூரியன் தப்பான எடத்துல விழுது."

"தப்பான எடமா?"

"ஆத்தோட போறோம். அப்பம் கிழக்கதான போறோம்? சூரியன் முதுகுக்குப் பின்னாலல்லா இருக்கணும்?"

ஸ்டெபி போனை எடுத்து வரைபடத்தைக் காட்டியிருக்கலாம். அப்பாவைத் திருத்தினால் 'பாப்பம்' இன்னும் இறுகிப்போகும் என்று பேசாமல் இருந்தாள்.

அப்போது இரண்டு கரைகளிலிருந்தும் பாங்கு எழுந்தது. ஒரு பள்ளிவாசல் தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொள்ள, வானம் முழுக்க அந்த ஒலி. படகுக்காரர் பாட்டை நிறுத்தினார், எஞ்சினையும் அணைத்தார். தண்ணீர் செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது.

படகு தயங்கி நின்றது. பிறகு பைய, வந்த வழியே பின்னால் நகர்ந்தது. பக்கத்தில் ஆகாயத்தாமரை, ஊரில் அமலைச் செடி என்பார்களே, அதன் திட்டு ஒன்றும் கூடவே மிதந்து வந்தது.

"ஆத்தை எதுத்தா வந்தோம்?" கிருபைராஜ் எழுந்து, தண்ணீர் போகிற பக்கம் திரும்பி நின்றார். சூரியன் மறைந்த செம்மை இப்போது இடப்பக்கம். இடக்கையை அதை நோக்கி நீட்டினார். "இது மேற்கு. அப்பம் மூஞ்சிக்கு நேர..."

கை கீழே இறங்கியது.

"வடக்கயா போகுது?" யாரிடமும் கேட்கவில்லை.

அறுபது வயதுக்கு மேல் அவருக்கு ஒரு ஆறு வேறு பக்கம் போவதைக் காணக் கிடைத்திருக்கிறது. கோயிலுக்குள் நுழைகிறவர்போலப் புது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்படிச் செய்தது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. அப்பாவின் முகத்தை இப்படி ஒருநாளும் ஸ்டெபி பார்த்ததில்லை. அவர் பார்த்த பக்கமே அவளும் பார்த்தாள். புத்தகங்களில் எத்தனையோ அயல்நாட்டு ஆறுகளைக் கடந்திருக்கிறாள். எது எந்தத் திசையில் போகிறது என்று நினைத்ததே இல்லை. இவ்வளவு தண்ணீர், இவ்வளவு காலமாக, வடக்கே. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஒனக்கு எடம் கெடச்ச ஊர்ல ஆறு உண்டா?"

"உண்டுப்பா."

"எங்கன பாத்துப் போவும்?"

"தெரியலயேப்பா."

ஹெப்சிபா நாணலை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"போய்ப் பாத்துட்டுச் சொல்லு," என்றார் கிருபைராஜ், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.