பத்தொன்பதாம் எண் சட்டை

அப்பாவுக்குச் சிலை வைக்கப்போவதாக அணி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது அவருக்கு வயது எழுபத்தொன்பது. சொந்த வீட்டிலேயே கழிவறை எந்தப் பக்கம் என்பது மறந்துபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா கடிதத்தை மூன்று தடவை படித்துக் காட்டினாள். மூன்று தடவையும் "யாருக்கு?" என்றுதான் கேட்டார்.

அப்பா தியோடிஸ் கிரேடி பதினான்கு ஆண்டுகள் எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்காகப் பந்து வீசியவர். வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் விடுதியில் தூங்க, கறுப்பர் என்பதால் அவர் ஊருக்கு ஊர் யார் வீட்டிலாவது பாய் விரிக்க இடம் கேட்டுப் படுத்துவிட்டு, மறுநாள் போய் ஜெயித்துக் கொடுத்தார். அதை ஒரு நிருபரிடம் சொன்னதுதான் தப்பாகிப்போனது. ஓய்வு பெற்ற பிறகு அணி அவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மைதானத்துக்கு வெளியே மூன்று வெள்ளைக்காரர்கள் சிலையாக எழுந்தார்கள். அப்பா தபால் நிலையத்தில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்.

திறப்பு விழா ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். சக்கர நாற்காலியில் அப்பாவைக் கோட்டும் டையுமாக உட்காரவைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அம்மா சர்ச்சுக்குப் போடும் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். மேயர் பேசினார். அணியின் விளம்பர அதிகாரி ப்ரென்னர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

கால் தூக்கி, கை பின்னால் போய், மார்பில் அப்பாவின் பத்தொன்பதாம் எண்ணோடு ஓர் ஆள் வெண்கலத்தில் நின்றான்.

அப்பா சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"டேய் ஆர்லோ, அங்க ஏறி என்னடா பண்றே? எறங்குடா. கோச் பாத்தான்னா தொலைச்சிடுவான்."

முன்வரிசையில் இருந்தவர்கள் கனிவாகச் சிரித்தார்கள். "பழைய நண்பருங்க ஞாபகம் வருது போல," என்று ப்ரென்னர் என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மார்வா, அது ஆர்லோதான்டி."

ஆர்லோ பிக்கெட்டும் கறுப்பர்தான், அப்பாவோடு இரண்டே வருடம் ஆடியவர். அந்த இரண்டு வருடமும் இருவரும் ஒரே அறை, ஒரே தட்டு. பிறகு குடி. அணி கழற்றிவிட்டது. டொலிடோ நகரில் ஒரு வாடகை அறையில் செத்துக் கிடந்தார். அடக்கத்துக்குப் பாதிரியாரை விட்டால் அப்பா ஒருவர்தான் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். சிலைக்காகப் படம் கேட்டபோது வீட்டிலிருந்த பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்தவள் அவள்தான். அதில் ஒரு படத்தில் ஆர்லோ தன் சட்டை கிழிந்துபோனதால் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு, அப்பாவைப் போலவே வீசிக் காட்டிக் கிண்டல் செய்துகொண்டிருப்பார். எண் தெளிவாக விழுந்த படம் அது ஒன்றுதான். சிற்பி எண்ணைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

"பின்னாடி பேர் எழுதிக் குடுத்திருக்கலாம். எனக்குத் தோணவே இல்லையே," என்றாள் அம்மா.

மறுநாள் ப்ரென்னரைப் பார்க்கப் போனேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"மேடம், உங்கப்பாவே பாத்துட்டு சிரிச்சாரே."

"அவர் பாத்தது அவரோட சிநேகிதரை. அவர்தான் சரியா சொன்னாரு."

"அவரோட நிலைமையில..." என்று நிறுத்திக்கொண்டார். "வெண்கலம் மேடம். மூஞ்சிய மட்டும் மாத்த முடியாது. ஜனங்க நம்பரைப் பாத்துதான் அடையாளம் கண்டுக்கிறாங்க."

"எங்க படங்களாவது திருப்பிக் குடுங்க."

"சிற்பி வேற ஊருக்குப் போயிட்டாரு. தேடச் சொல்றேன்."

நான்கு கடிதம் எழுதினேன். முதலாவதற்கு மட்டும் பதில் வந்தது. இரண்டு பேருக்கு இலவச நுழைவுச் சீட்டு.

அப்பா தினமும் ஆர்லோவிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். இரண்டு முறை போனோம். முதல் முறை குஷியாகப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கிவிட்டது.

"ஏன்டா பேச மாட்டேங்கிறே? நான் என்ன பண்ணேன் உனக்கு?"

ஆர்லோ பேசவில்லை. அப்பா குழந்தை மாதிரி அழுதார். வீடு வந்து சேரும்வரை, தான் அவனுக்கு என்ன செய்தோம் என்று எங்களைக் கேட்டுக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் அவரை அங்கே அழைத்துப்போகவில்லை.

பிப்ரவரியில் நிமோனியா வந்து இறந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்த போதும் நூற்றுக்கணக்கானவர்கள் மைதானத்துக்குப் போய்ச் சிலையின் காலடியில் பூங்கொத்தும் பந்தும் வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஏழு பேர் வந்தார்கள். செய்தித்தாள் முதல் பக்கத்தில் போட்ட படமும் சிலையின் படம்தான். எங்களிடம் மிஞ்சியிருந்தது கல்யாணப் படம் ஒன்று. அதில் அப்பா கூச்சப்பட்டுத் தலை குனிந்திருப்பார்.

அடக்கம் முடிந்த வாரம் அம்மா அந்தச் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"மூக்கு உங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சோ என்னவோ."

"இல்லம்மா."

"வயசு கம்மியா இருந்தப்போ இப்படித்தான் இருந்திருப்பாரு. எனக்குத்தான் மறந்துபோச்சோ."

"அம்மா, அது ஆர்லோ. நீதானே சொன்னே."

"நான் சொன்னேன். நீ பாத்தியா? நீ அப்போ பொறக்கவே இல்லையே."

கண்ணை மூடி அப்பாவின் இளமை முகத்தை நினைத்துப் பார்த்தேன். சிலைதான் வந்தது.