ஆனந்தவள்ளி வாங்கிய சுவர்

அமைதியின் விலை சதுர அடி நூற்றுப்பத்து ரூபாய். பேரம் பேசினால் தொண்ணூற்றைந்து. பெரிய கடைவீதியில் எதிரொலியை உறிஞ்சும் ஃபோம் ஷீட் விற்கும் அப்துல் சுக்கூர் பாய் சொன்ன விலை அது. தன் பத்துக்குப் பத்து அறையின் நான்கு சுவரையும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்த ஷெர்லின், "யோசிச்சுட்டு வரேன் பாய்" என்றாள்.

"யோசிக்கறதுக்கு நான் காசு வாங்கறதில்லம்மா" என்று அவர் ஷீட்டைச் சுருட்டிவிட்டார்.

யோசிக்கத்தான் நேரமில்லை. பள்ளிக்கூட வேலை போனபின் கிடைத்த ஒரே வழி, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஒலிப்புத்தகம் வாசிப்பது. அவள் அனுப்பிய மாதிரிப் பதிவைக் கேட்டவர்கள், "குரல் பிரமாதம். ஆனா கிணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி இருக்கு. சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள மறுபடி அனுப்புங்க. அதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிணறு அவள் காதில் விழவே இல்லை. பல வருஷமாக மாதா கோயிலில் பூசை வாசகம் வாசிக்கிறவள். குரல் உயரக் கூரையில் மோதித் திரும்பினால்தான் அவளுக்குத் திருப்தி. இப்போது யோசித்தால் ஒன்று புரிந்தது. சாதாரண நாளில் காலி பெஞ்சுகளைச் சுற்றிவரும் குரல், ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதில்லை. ஆளும் துணியுமாகச் சேர்ந்து அதை விழுங்கிவிடுகின்றன.

துணிக்கு வீட்டில் பஞ்சமா? மாமியார் ரோசரி பாலக்கரை வீட்டில் வைத்தே தவணைக்கு ஜமக்காளம் விற்கிறவர். சனிக்கிழமை மதியம் ஷெர்லின் கயிறு கட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடிப்பு மடிப்பாக எட்டு ஜமக்காளங்களைத் தொங்கவிட்டாள். மெத்தையை ஜன்னலில் சாத்தினாள். கைதட்டினால் முன்பு 'டணார்' என்று கேட்ட அறை, இப்போது 'டப்' என்று அடங்கியது.

ஃபேனை நிறுத்தி, வியர்வை வழிய வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் கதவு திறந்தது.

"இதோ இருக்கே! இந்தச் செவப்புதான் வேணும் ரோசரி. நாளைக்கு மகளுக்கு வளைகாப்பு."

ஸ்ரீரங்கத்து மளிகைக்கடை ஆனந்தவள்ளி. அவள் கை, மைக்குக்கு எதிரே தொங்கிய ஜமக்காளத்தின் மேலேயே இருந்தது.

"அத்தை, அது போனா மறுபடி கிணறுதான்!"

"இந்தம்மா நம்மகிட்ட ரொம்ப நாளா வாங்கறவங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார் ரோசரி.

"பாலம் தாண்டி ஆட்டோவுக்குக் கொட்டி அழுதுட்டு வந்திருக்கேன். கிணத்துக் கதையெல்லாம் எனக்கு எதுக்கு?"

மணி நாலரை. அப்போதுதான் ஆனந்தவள்ளியின் அகலமான ஆகிருதி ஷெர்லினின் கண்ணில் பட்டது.

"எடுத்துக்கங்க. ஆனா அது தொங்கின இடத்துல நீங்க உக்காரணும். கால் மணி நேரம். பேசக்கூடாது."

"எவ்வளவு கொறைப்பீங்க?"

"நூறு" என்றார் ரோசரி.

"இருநூறு. வாயை மூடிக்கிட்டு இருக்கறது எனக்குச் சுலபமில்ல."

ரோசரி மருமகளைப் பார்த்தார். "கொறச்சது உன் கணக்குலதான்."

முதல் வரியிலேயே கண்ணாடி வளையல் கலகலத்தது. "வளைகாப்பு வீட்டுக்காரி, கழட்ட மாட்டேன்" என்ற ஆனந்தவள்ளி, வாங்கிய ஜமக்காளத்துக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை நுழைத்துக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு இருமல் முட்டியது. கண்ணில் நீர் தளும்ப, முகம் சிவக்க, அடக்கினாள். ஷெர்லின் வாசித்து முடித்ததும் இருமல் வெடித்தது.

அனுப்பும்போது ஐந்தாக மூன்று நிமிஷம். ஆனந்தவள்ளி எழவில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கேன், முடிவு தெரியாம போவேனா?"

காபி ஆறிப்போன பிறகு பதில் வந்தது: "இப்ப ரூமே கேக்கல, குரல்தான் கேக்குது. திங்கள்லேர்ந்து ஆரம்பிங்க."

மூச்சு விட்ட கையோடு ஷெர்லின் கணக்குப் பார்த்தாள். ஃபோம், செலவில்லை. கயிறு, அறுபது ரூபாய். அத்தைக்குத் தர வேண்டியது, இருநூறு. வாசிக்க வேண்டியது, பன்னிரண்டு அத்தியாயம். வாசலில் ரோசரி, "கல்யாண சீசன், ஜமக்காளம் தீர்றதுக்குள்ள சீக்கிரம் வாங்க" என்று யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

சுவரில் மிச்சம், ஏழு.