ஐந்நூறு கிராம்

சும்மா சொல்லக்கூடாது, ரமாவைப் போலக் கறாரான ஆள் சேலையூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்கன் போட்டி எங்கே நடந்தாலும் கருவிச் சோதனை மேஜையில் அவள்தான். சுடுபவர்கள் போடும் ஜாக்கெட்டின் தடிமன் ஒரு நூல் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். துப்பாக்கியின் காற்று உருளைக்குக் காலாவதித் தேதி நேற்றோடு முடிந்திருந்தால், "நேத்துன்னா நேத்துதான்" என்பாள். அப்பேர்ப்பட்டவளை இரண்டு வருஷமாக ஒரு சத்தம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

'டிக்'. அவ்வளவுதான் அந்தச் சத்தம். நோட்டுத் திருத்தும்போது கேட்கும். குக்கரை இறக்கும்போது கேட்கும்.

ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது ஐந்நூறு கிராமைத் தாங்க வேண்டும் என்பது விதி. குழலை நிமிர்த்திப் பிடித்து, டிரிகரில் எடைக்கல்லை மாட்டி, மேஜையிலிருந்து தூக்குவார்கள். கல் மேலே வந்தால் பாஸ். டிரிகர் விட்டுக்கொடுத்துக் கல் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டால் ஆள் வெளியே. மூன்று வாய்ப்பு உண்டு. போட்டி முடிந்த பிறகும் சீட்டுக் குலுக்கிச் சிலரை மறுபடி சோதிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி வந்தது மிருதுளாவின் சீட்டு. பத்தொன்பது வயசுப் பெண், அன்றைக்கு முதலிடம். காலையில் அவளைச் சோதித்து அனுப்பியது ரமா இல்லை, உதவிக்கு வந்த வேறொருவர்.

மூன்று தடவையும் கல் எழவில்லை.

"இன்னொரு தபா பாருங்க மேடம்," என்றாள் மிருதுளா.

"ரூல் மூணுதாம்மா," என்று சொல்லிவிட்டு, தகுதிநீக்கத் தாளில் ரமா கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும் வழியில், பெருங்களத்தூர் சந்திப்பில் ஒரு தண்ணீர் லாரிக்கு அடியில் அந்தப் பெண் போய்விட்டாள்.

அதற்கு ஒரு மாசம் கழித்துத்தான், விதிப்புத்தகத்தைச் சும்மா புரட்டியபோது அந்த ஒரு வரி ரமாவின் கண்ணில் பட்டுத் தொலைத்தது. டிரிகரைச் சோதிக்கும்போது துப்பாக்கியில் காற்று ஏற்றியிருக்க வேண்டும். அவள் ஏற்றியதே இல்லை. ஹால் முழுக்கச் சின்னப் பிள்ளைகள், எதற்கு வம்பு என்று, காற்றில்லாமல் வெறும் பயிற்சி செய்ய வைத்திருக்கும் சின்ன லிவரைத் தட்டிவிட்டே வருஷக்கணக்காகச் சோதித்து வந்தாள். காற்று இருந்தால் 'பட்' என்று வெடித்திருக்கும். அன்று கேட்டதோ 'டிக்'. சில பிஸ்டல்களில் அந்த லிவரைத் தட்டினால் டிரிகர் இளகிவிடும் என்று ஒரு மெக்கானிக் வேறு சொன்னார். இதைப் பற்றி யாரிடமும் ரமா மூச்சுவிடவில்லை. அவள் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இவ்வளவுதான்.

அதிலிருந்து ஒவ்வொரு போட்டியிலும் ஒரு ஆள் கூடுதலாக வந்தது. நாற்பத்திரண்டு டோக்கன் கொடுத்திருப்பாள், வரிசையில் எண்ணினால் நாற்பத்து மூன்று. கடைசியில் நிற்பவள் மேஜையருகே வரவே மாட்டாள். கோபமாகப் பார்த்தாலாவது தேவலை. நான்காவது வாய்ப்புக் கிடைக்கும் என்பதைப் போலப் பொறுமையாக நிற்பாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கேம்ப் ரோடுப் பள்ளி ஒன்றில் போட்டி. காலை எட்டு மணிக்கே மிருதுளாவின் அப்பா தினகரன் வந்துவிட்டார். கீழ்க்கட்டளையில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். கூடவே சின்ன மகள் தமிழினி, கையில் அக்காவின் பிஸ்டல்.

ரமா அதை வாங்கினாள். இம்முறை விதிப்படி காற்றை ஏற்றிக் கல்லை மாட்டினாள். கல் மட்டுமில்லை, மேஜையையே தூக்கிவிடும் போலிருந்தது டிரிகர்.

"எவ்ளோ வெச்சிருக்கீங்க?"

"எண்ணூறு மேடம். இன்னும்கூட ஏத்தலாம்," என்றார் தினகரன்.

"வெரல் வலிக்குது மேடம்," என்றாள் தமிழினி. "ஒண்ணுகூட நடுவுல போவ மாட்டேங்குது."

"போவாட்டி போவுது. திருட்டுப் பேரு வோணாம். பெரியவ பண்ண வேலைக்கு ரெண்டு வருஷமா ஏரியால தல காட்ட முடியல. பாருங்க, அவ எடை வெச்ச எடத்துல ஸ்க்ரூ பக்கத்துல செவப்பு கோடு போட்டு வெச்சிகீறேன். அத இவ தொடவே கூடாது."

வரிசையின் கடைசியில் அந்தக் கூடுதல் ஆள் நின்றுகொண்டிருந்தாள். ரமாவால் அதற்கு மேல் முடியவில்லை. தமிழினியைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள்.

"அண்ணா, அந்தக் கோட்டுக்கே ஸ்க்ரூவைத் திருப்புங்க."

"எதுக்கு மேடம்?"

"திருப்புங்க. சொல்றேன்."

திருப்பினார். ரமா காற்றை ஏற்றி, குழலை நிமிர்த்தி, கல்லை மாட்டித் தூக்கினாள். ஐந்நூறு கிராமும் மேஜையை விட்டு எழுந்து, அசையாமல் தொங்கியது. பிறகு லிவரைத் தட்டிவிட்டு, மறுபடி தூக்கினாள். 'டிக்'. கல் மேஜையிலேயே இருந்தது.

"அன்னிக்கு நான் பண்ணது இதுதான். காத்து ஏத்தாமப் பார்த்தேன். அவ துப்பாக்கில ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணது நான். எழுதியே தரேன், எங்க வேணா குடுங்க."

அடிப்பார், குறைந்தபட்சம் கத்துவார் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாகவே இருந்திருக்கும். தினகரன் கல்லையே பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ஸ்கூட்டிய இங்கியே உட்டுட்டு உன்கூட கார்ல வர்றேன்பான்னு சொன்னா மேடம். கை நடுங்குது, ஓட்ட முடியாதுன்னா."

ரமா கல்லைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"திருட்டுக் கழுத என் வண்டில ஏறாதேன்னுட்டேன். ரெண்டு வருஷமா அத சரின்னு நெனச்சிகினுதான் மேடம் தூங்கறேன். எங்க ஊட்டுக்காரி பச்சையம்மா கேட்டப்பகூட, திருடுனவள எப்படிடி பக்கத்துல உக்கார வெக்கிறதுன்னேன்."

வரிசையை ரமா எண்ணிப் பார்த்தாள். கொடுத்த டோக்கனும் நின்ற ஆட்களும் சரியாக இருந்தன. தினகரன் பக்கத்து நாற்காலியில் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்தார், யாரோ உட்கார வந்திருப்பதைப் போல. அந்தப் பக்கம் திரும்பாமலே ரமாவிடம் கேட்டார்.

"இத ஏன் மேடம் என்கிட்ட சொன்னீங்க?"