சிவப்பு மங்கிய தோட்டம்

விமானத்திலிருந்து எடுக்கும் அகச்சிவப்புப் படத்தில் செழிப்பான செடிகள் ரத்தச் சிவப்பாகத் தெரியும். தேவனஹள்ளியில் முனிரத்தினத்தின் திராட்சைத் தோட்டம் மட்டும் துருப்பிடித்த தகரம் மாதிரி மங்கிக் கிடந்தது. வேரில் நோய். இலை வாடி அது கண்ணுக்குத் தெரிய இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். கண்டுபிடித்தவள் அம்ருதா. பயிர்க் காப்பீட்டு ஆபீஸில் அவளுக்கு ஒரே கைதட்டல்.

"நேர்ல ஒரு தடவை போய்ட்டு வந்துடு," என்றார் மேனேஜர் சுதீர்.

தோட்டம் பச்சைப்பசேலென்று இருந்தது. முனிரத்தினம் கேட் வரைக்கும் ஓடிவந்தார்.

"ஏரோப்ளேன் எல்லாம் விட்டுப் பார்த்தீங்களாமே! எப்படிம்மா இருக்கு நம்ம தோட்டம்?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அவள் வேலை நிரந்தரம் ஆகவிருக்கும் மாதமாயிற்றே, விழுங்கிவிட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணா."

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் பழுத்த குலைகளாகப் பார்த்து வெட்டி, ஒரு கூடை நிறைய ஜீப்பில் ஏற்றினார்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் அம்ருதா செல்போனை எடுத்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார் சுதீர்.

"சந்தேகம்கூட இல்ல, சார்."

"குட். சனிக்கிழமை பாலிசி முடியுது. அதுவரைக்கும் அவர் நஷ்டஈடு கேட்காம இருந்தாப் போதும். அப்புறம் நாம புதுப்பிக்கப் போறதில்ல."

பெங்களூருக்குள் நுழைந்து ஹெப்பால் வருவதற்குள் பாதிக் கூடையைத் தின்று தீர்த்தாள். மீதியைச் சுதீருக்கென்று பத்திரமாக மூடி வைத்தாள். அடுத்த வருஷம் இந்தப் பழம் கிடைக்காது என்பது அவர்கள் இரண்டு பேருக்கும்தானே தெரியும்.