நிறுவனர் வேடத்துக்கு ஆள் தேர்வு

மருந்துக்கடைக்காரர் தொடங்கிய நாடகக்குழுவுக்கு இருபத்தைந்து வயது நிறைந்தது. அதைக் கொண்டாட, குழு பிறந்து வளர்ந்த கதையையே நாடகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. இயக்கம் அவருடைய மச்சினன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஆள் தேர்வில் நிறுவனர் வேடத்துக்கு மருந்துக்கடைக்காரரும் போய் நின்றார். வசனம் பேசிக் காட்டினார். மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க அத்தான். நீங்க உங்கள மாதிரியே இல்ல."

"நான்தானேடா நானு!"

"நிஜத்துல சரி. மேடையில எடுபடணுமே."

அந்த வேடம் கணீர்க் குரல் கொண்ட வங்கிக் காசாளருக்குப் போயிற்று. இவருக்கு வீட்டுக்காரர் வேடம். முதல் வருஷம் ஒத்திகை நடந்த மாடி அறையைக் காலி செய்யச் சொன்னவர். இரண்டே பக்க வசனம்.

வீட்டில் வந்து மனைவியிடம் பொருமினார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நானும்தான் உங்க பொண்டாட்டி வேஷம் கேட்டேன். முகத்துல பொறுமை பத்தலையாம். பல் டாக்டரம்மாவுக்குக் கொடுத்துட்டான். இவனெல்லாம் கூடப்பொறந்தவன்!"

இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவர் அந்த இரண்டு பக்கத்தில் கொட்டினார். நாடகத்தன்று படியேறி வந்தவர் மேளத்தை எட்டி உதைத்தார். ராஜா விக்கையும் ராணி விக்கையும் சுழற்றி எறிந்தார். நிறுவனர் வேடத்திலிருந்த காசாளர் நிஜமாகவே இரண்டடி பின்வாங்கினார். நிறுவனர் பேந்தப் பேந்த விழிக்க, அரங்கம் எழுந்து நின்று வீட்டுக்காரருக்குக் கைதட்டியது. கால் நூற்றாண்டில் மருந்துக்கடைக்காரர் கேட்காத கைதட்டல்.

வேடம் கலைக்கும் அறைக்கு ஒரு கிழவர் தடி ஊன்றி வந்தார். மரியாதைக்காக அழைக்கப்பட்டிருந்த அசல் வீட்டுக்காரர்.

"நான் எப்போப்பா மேளத்த உதைச்சேன்? பொண்ணுக்குப் பரீட்சை, வேற இடம் பாத்துக்கோங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுல்ல கேட்டேன்!"

மருந்துக்கடைக்காரர் முகத்துச் சாயத்தைத் துடைத்தார். "தெரியும் சார். கும்பிட்டா யாரு சார் கைதட்டுறாங்க?"

கிழவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"விக்கத் தூக்கி எறிஞ்சீங்க பாருங்க... அன்னைக்கு எனக்கு அது தோணாமப் போச்சே!"

அதற்குப் பிறகு குழுவில் மருந்துக்கடைக்காரருக்கு நல்லவன் வேடம் யாரும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.